வெள்ளை மிளகுக் கட்டம்

"…மத்த எதுனாலும் அடிக்கிறேன் முதலாளி. அந்த சைபர மட்டும் என் கையால அடிக்க மாட்டேன்" என்று முடித்தார் அக்கா.

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. காபி வேண்டாம் என்பதைப் போலத்தான் சொன்னார். முதலாளியின் கை, வைத்த தொலைபேசியின் மேலேயே கிடந்தது. நான் கணினித் திரையை மறைத்துக்கொண்டு நின்றேன், என் உடம்பால் மறைத்துவிட்டால் அதில் இருப்பது மறைந்துவிடும் என்பதைப் போல. "அடிங்க, இல்லன்னா திங்கக்கிழமை வர வேணாம்" என்று முதலாளி சொல்லி வாய் மூடவில்லை, அதற்குள் அக்காவிடமிருந்து இந்தப் பதில்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு நாங்கள் எப்படி வந்து சேர்ந்தோம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், கீழே மிளகுக் கிட்டங்கியும் மேலே அலுவலகமுமாக ஒரு பழைய கடைவீடு. மேலே உட்கார்ந்தாலும் மூக்கு கீழேதான் இருக்கும். கறுப்பு மிளகு இரண்டு தினுசு, வெள்ளை மிளகு ஒன்று, கொஞ்சம் ஜாதிக்காய், கிராம்பு. வாங்கி வைப்போம், விற்போம். முதலாளிக்கு அப்போது நாற்பது வயதிருக்கும். அப்பாவிடமிருந்து வந்த வியாபாரம். அந்த அப்பா காலத்திலிருந்தே கிட்டங்கியைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அக்கா. கடலுக்கு அந்தப் பக்கம், வேறு நாட்டில், ஜொகூரில் வீடு. விடியுமுன் கிளம்பி, கடற்பாலம் தாண்டி, உட்லண்ட்ஸ் குடிநுழைவு வரிசையில் நின்று, பஸ் பிடித்து வந்து ஏழரைக்குள் தராசு பக்கத்தில் நிற்பார். முதலாளியே அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவார். தோளில் எப்போதும் ஒரு துண்டு, சட்டையில் ஊக்கில் கோத்த மாதா பதக்கம்.

நான் தட்டச்சுக்காக வந்தவள். ஒரு நாள் முதலாளி கணினி ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து என் மேசையில் வைத்தார். பச்சை எழுத்துத் திரை. கூடவே நகல் எடுத்த ஆங்கிலப் புத்தகம் ஒன்று. பாதிப் பக்கங்களில் ஓரம் வெட்டுப்பட்டிருக்கும். "படிச்சுக்கம்மா, தட்டச்சு மாதிரிதான்லா" என்றார். அக்கா கிட்டங்கியிலிருந்து ஏறி வந்து எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "டிவி மாதிரி இருக்கு. ஆனா இதுல படம் ஓடாது, நம்மதான் ஓடணும்."

மனிதர்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகும் இந்த மாதிரிப் பேச்சு எனக்கு உயிர். பையில் போட்டுக்கொண்டு வருவதைப் போல வீட்டுக்குக் கொண்டுவந்து என் வீட்டுக்காரரிடம் சொல்லிக்காட்டுவேன். அந்த வருஷம் அவரைச் சிரிக்கவைக்க அது தேவையாகவும் இருந்தது. ஜூரோங்கில் கப்பல் பட்டறை வேலை. ஆட்குறைப்பில் அவரையும் அனுப்பிவிட்டார்கள். எங்கே பார்த்தாலும் அந்தச் சொல்தான் அப்போது. பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர்கள்கூட அதையே பேசுவார்கள். எங்கள் வீட்டில் வேலைக்குப் போகிற ஆள் நான் மட்டும்.

அந்தக் கணினியில் நான் கட்டின கணக்குத் தாள் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு வரிசை. காலையில் கிட்டங்கியில் எத்தனை கிலோ, இன்று எவ்வளவு வருகிறது, ஏற்கெனவே எவ்வளவு விற்றுப் பேசிவிட்டோம். முதல் இரண்டையும் கூட்டி, மூன்றாவதைக் கழித்தால் இன்னும் விற்கக்கூடியது எவ்வளவு என்று கடைசிக் கட்டத்தில் வரும். முதலாளி அந்தக் கடைசிக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டே தொலைபேசியில் பேசுவார். அதில் உள்ளதற்கு மேல் ஒரு கிலோ விற்றாலும், வெளியில் என்ன விலையோ அந்த விலைக்கு வாங்கிக் கொடுத்தாக வேண்டும். "வாய்ல வந்தது வந்ததுதான்" என்பார். எங்கள் தொழிலில் கையெழுத்து பிறகுதான், பேச்சுதான் முதலில்.

சூத்திரம் எழுதக் கற்றுக்கொண்ட கதை முழுக்கப் பயக்கதைதான். திறந்த பிராக்கெட்டை மூடாவிட்டால் இயந்திரம் 'பீப்' என்று கத்தும். கட்டத்தின் பெயருக்கு முன்னால் கூட்டல் குறி போடாவிட்டால் கத்தாது. அது இன்னும் மோசம், நான் எழுதியதை ஏதோ பெயர் என்று நினைத்துக்கொண்டு அப்படியே எழுதிக் காட்டிவிட்டுச் சும்மா இருக்கும். இரண்டு புள்ளி வைக்க வேண்டிய இடத்தில் கமா வைத்தால் கத்தும். எங்கே தப்பு என்று மட்டும் சொல்லாது. ஒவ்வொரு கத்தலுக்கும் முதலாளி நாற்காலியோடு திரும்புவார். "என்னம்மா, எதையாவது மிதிச்சிட்டியா?" கீழேயிருந்து அக்காவின் குரல் வரும்: "குழந்தைய அழ விடாத தங்கச்சி!" லாரிக்காரர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

மெல்ல மெல்லப் பழகியது. பிராக்கெட்டைத் திறந்தவுடனேயே மூடிவிட்டு, பிறகு நடுவில் எழுதுவேன். விரலால் திரையைத் தொட்டுத் தொட்டு வாய்விட்டுப் படிப்பேன். கத்தல் நின்றது. சரி, பிழைத்தோம் என்று நினைத்தேன்.

அப்புறம்தான் அந்த மூன்று எழுத்து வந்தது. ஒரு நாள் காலை வெள்ளை மிளகு வரிசையின் கடைசிக் கட்டத்தில் எண் இருக்க வேண்டிய இடத்தில் ERR. கீழே மொத்தக் கட்டத்திலும் ERR. அந்த மொத்தத்தை எடுத்துக் கணக்குப் போடும் மற்ற கட்டங்களிலும் ERR. இயந்திரம் கத்தவே இல்லை. கத்தினாலாவது அந்த இடத்தில் தப்பு என்று தெரியும். இது சத்தமில்லாமல் ஓடி எல்லாவற்றையும் தொற்றிக்கொண்டு நின்றது. முதலாளி தொலைபேசியை எடுக்கப் போனவர் கையை இழுத்துக்கொண்டார். அன்று காலை எந்த விலையும் பேச முடியவில்லை.

சூத்திரங்கள் அத்தனையையும் அழித்துத் திரும்ப எழுதினேன். ERR போகவில்லை. அன்று மதியம் வெள்ளை மிளகு லாரி வந்தது, அக்கா எடை போட்டுத் தன் கட்டத்தில் எண்ணை அடித்துவிட்டுப் போனார், ERR தானாகப் போய்விட்டது. எதனால் போனது என்று எனக்குத் தெரியவில்லை. வந்தது புரியாததைவிடப் போனது புரியாததுதான் அதிக பயம். சில நாள் கழித்துத் திரும்ப வந்தது. கணினி விற்ற ஆளைக் கூப்பிட்டோம். டை கட்டிக்கொண்டு வந்து, இயந்திரத்தின் பெட்டியைத் தட்டிப் பார்த்து, "மெஷின் ஓகே லா. யூசர் எரர்" என்று சொல்லிவிட்டு அக்கா கொடுத்த காபியைக் குடித்துவிட்டுப் போனார்.

யூசர் என்றால் நான்தான்.

மூன்றாவது தடவை வந்தபோது திங்கட்கிழமை. முதலாளி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். மெதுவாகச் சொன்னார்: "ரெண்டு ஆளு வேலைய இது செய்யும்னுதான் வாங்குனேன். இப்ப இதுக்கே ஒரு ஆளு வேண்டியிருக்கு. வியாபாரம் இருக்கற இருப்புல எல்லாரையும் வச்சுக்க முடியாதும்மா. வெள்ளிக்கிழமைக்குள்ள யாரு தப்புன்னு தெரியணும். தெரிஞ்சா அந்த ஆளு கிளம்பலாம்."

அன்றைக்கு பஸ்ஸில் வீடு இருக்கும் தோ பாயோ வரை நின்றுகொண்டே போனேன். இடம் இருந்தும் உட்காரத் தோன்றவில்லை. வீட்டில் அவர், "இன்னிக்கு அக்கா என்ன சொன்னாங்க?" என்று கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை என்றேன். சட்டியைக் கழுவுகிற சாக்கில் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

வியாழக்கிழமை காலை, சூத்திரங்களை விட்டுவிட்டு, ஒவ்வொரு கட்டமாகப் போய் நிற்பது என்று முடிவுசெய்தேன். நாம் எந்தக் கட்டத்தில் நிற்கிறோமோ அதற்குள் உண்மையில் என்ன இருக்கிறது என்று திரையின் உச்சியில் ஒரு வரி காட்டும். எண்ணுள்ள கட்டத்தில் எண். சூத்திரமுள்ள கட்டத்தில் சூத்திரம். வெள்ளை மிளகின் காலை எடைக் கட்டம் வெறுமையாக இருந்தது. சரக்குத் தீர்ந்த நாட்களில் அது எப்போதும் வெறுமையாகத்தான் இருக்கும். அதனால் அதை நான் பார்த்ததே இல்லை. அன்று அதில் போய் நின்றேன். உச்சி வரியில் ஒரே ஒரு ஒற்றை மேற்கோள் குறி.

வெறும் கட்டம் என்றால் அந்த வரியில் எதுவும் இருக்காது. இந்தக் குறி வந்தால் உள்ளே எழுத்து இருக்கிறது என்று பொருள். ஆனால் எழுத்தைக் காணோம். இடைவெளிப் பட்டையைத் தட்டினால் வரும் இடைவெளி, அதுவும் இயந்திரத்துக்கு ஒரு எழுத்துதான். எழுத்தோடு கிலோவைக் கூட்டச் சொன்னால் அது என்ன செய்யும்?

கட்டத்தை அழித்தேன். எல்லா ERR-உம் ஒரே நொடியில் எண்களாக மாறின. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தச் சந்தோஷம் ஒரு வாய் காபி குடிக்கிற நேரம்கூட நிற்கவில்லை. அந்தக் கட்டத்தில் யார் கை படும் என்று அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரியும். முதலாளியின் அப்பா காலத்திலிருந்தே ஒரு ஒழுங்கு உண்டு: எடை போட்ட கைதான் எழுத வேண்டும். பேப்பரில் எழுதிய காலத்திலும் அப்படித்தான், கணினி வந்த பிறகும் அப்படித்தான். காலையில் அக்கா ஏறி வந்து ஒற்றை விரலால் தன் எடைக் கட்டங்களை மட்டும் அடித்துவிட்டுப் போவார். அதை நான்கூடத் தொடக்கூடாது.

கீழே இறங்கிப் போனேன். வெள்ளை மிளகில் கொஞ்ச நேரம் முன்பு வந்த நாற்பது மூட்டையை அடுக்கிவிட்டு, மதியம் வாங்குபவரின் லாரி வந்து எடுத்துக்கொண்டு போகும் என்று ஒரு மூட்டை மேல் அக்கா உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, வெள்ளை மிளகு ஒண்ணுமில்லாதப்ப என்ன அடிப்பீங்க?"

"ஒண்ணும் அடிக்க மாட்டேன். அந்த நீளப் பட்டைய ஒரு தட்டு. பழைய நம்பர் போயிரும், சுத்தமா இருக்கும்."

"சைபர் போடலாமேக்கா?"

அக்கா மூட்டையிலிருந்து எழுந்தேவிட்டார். சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார், மிளகு காதில் விழுந்துவிடும் என்பதைப் போல. "வாயக் கழுவு. சரக்கு குடியிருக்கற எடத்துல நின்னுக்கிட்டு கேக்கற கேள்வியா? உங்க வீட்ல உப்பு தீர்ந்தா தீர்ந்துச்சுன்னா சொல்லுவ?"

சொல்ல மாட்டோம். எங்கள் வீட்டில் மட்டும் அல்ல. அக்கா எங்களைப் போலக் கோயிலுக்குப் போகாமல் மாதா கோயிலுக்குப் போகிறவர், ஆனால் உப்பு விஷயத்தில் இரண்டு வீட்டுக்கும் ஒரே வாய்தான். வாங்கணும் என்போம், இல்லை என்று மட்டும் வராது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"பெரிய முதலாளி காலத்துல பேப்பர்ல அந்த எடத்த அப்படியே விட்ருவேன். அவரும் ஒரு நாளும் ஏன்னு கேட்டதில்ல. ஏன், என்னாச்சு?"

சொன்னேன். "அப்ப நான்தானா அது?" என்று அக்கா கேட்டார். கை தானாக ஊக்கில் இருந்த மாதா பதக்கத்தைப் பிடித்துக்கொண்டது. "என் வேலை பெர்மிட் முதலாளி கையெழுத்துலதான் ஓடுது, தங்கச்சி. அது போச்சுன்னா பாலத்துக்கு இந்தப் பக்கம் எனக்கு என்ன வேலை?"

"யாருக்கும் தெரிய வேணாம்க்கா. பட்டையத் தட்டாதீங்க. கட்டத்த அழிக்கறதுக்கு வேற வழி இருக்கு. சாய்வுக்கோடு, அப்புறம் ஆர், அப்புறம் ஈ, அப்புறம் என்டர். வெறும் கட்டமா ஆயிடும். சைபரும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

அக்கா ஏறி வந்து நாற்பது மூட்டையின் எடையை அந்தக் கட்டத்தில் அடித்துவிட்டுப் போனார். மதியம் லாரி வந்து அத்தனையையும் ஏற்றிக்கொண்டு போகும்வரை, அக்கா சாய்வுக்கோடு, ஆர், ஈ என்று ஜெபமாலை உருட்டுவதைப் போல முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். சரக்குப் போய்விட்டதால், பேசி விற்ற கணக்கிலிருந்து அதை நான் சாயங்காலம் எடுத்துவிட்டேன். மறுநாள் காலை அக்கா தன் கட்டத்தை அழித்துவிட்டால் எல்லாம் சரி.

வெள்ளிக்கிழமை காலை அக்கா வர நேரமாகிவிட்டது. பாலத்தில் நெரிசல். ஏறி வரும்போதே மூச்சிரைத்தது. முதலாளி அன்று என் மேசைக்குப் பின்னாலேயே வந்து நின்றுகொண்டார். அக்கா நாற்காலியில் உட்கார்ந்தார். எதையோ தட்டினார், இயந்திரம் கத்தியது, பயந்துபோய் இன்னொன்றைத் தட்டினார், கத்தல் நின்றது. "ஆச்சு" என்று எழுந்துகொண்டார்.

திரையில் ERR இல்லை. கடைசிக் கட்டங்கள் முழுக்க எண்கள். முதலாளியின் முகத்தில் வெகு நாளைக்குப் பிறகு ஒரு தெளிவு. "பாத்தியாம்மா, மனசு வச்சா முடியுது" என்றபடி தொலைபேசியை எடுத்து, ஆற்றோரத்துச் சீன வியாபாரியைக் கூப்பிட்டார். இருவரும் மலாயில்தான் பேசுவார்கள். "லாடா பூத்தே? அடா, அடா" என்றார். வெள்ளை மிளகா, இருக்கு, இருக்கு.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. வெள்ளை மிளகின் கட்டத்தில் நேற்றைய எடை அப்படியே நின்றுகொண்டிருந்தது. அக்கா அழிக்கவில்லை. நேற்று மதியமே லாரியில் போன நாற்பது மூட்டையை, இன்றைக்கும் விற்கலாம் என்று திரை சொல்லிக்கொண்டிருந்தது. ERR வந்தபோதாவது முதலாளியின் கை தொலைபேசிக்குப் போகாமல் நின்றது. இப்போது எல்லாம் சரியாக இருப்பதைப் போல இருந்தது, அவர் வாய் திறந்துகொண்டிருந்தது. வாயில் வந்தால் வந்ததுதான். நான் பேசினால் அக்கா கிளம்ப வேண்டும். பேசாவிட்டால் கடையே கிளம்பும். திரைக்கு முன்னால் போய் நின்றேன்.

"முதலாளி, வச்சிருங்க. வெலை சொல்லாதீங்க."

அவர் என்னைப் பார்த்தார். "பிறகு கூப்பிடறேன்" என்று மலாயில் சொல்லிவிட்டு வைத்தார். கை அதன் மேலேயே இருந்தது. நான் எதையாவது சுற்றி வளைத்துச் சொல்லத் தொடங்கும் முன் அக்கா முன்னால் வந்துவிட்டார். "தங்கச்சி மேல தப்பில்ல. நான்தான்" என்று ஆரம்பித்து, பட்டையைத் தட்டியது, பேப்பரில் இடம் விட்டது, சாய்வுக்கோட்டை மறந்தது என எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். முதலாளியின் கழுத்து சிவந்துகொண்டே வந்தது.

"இத்தன நாளா ஒரு சைபருக்காகவா நான் வியாபாரம் பேசாம உக்காந்திருந்தேன்? இப்பவே, என் கண்ணு முன்னால அடிங்க. அடிங்க, இல்லன்னா திங்கக்கிழமை வர வேணாம்."

அதற்குத்தான் அந்தப் பதில்.

சொல்லிவிட்டு அக்கா நின்று பார்க்கவில்லை. படியிறங்கிப் போனார். போய்விட்டார் என்றே நினைத்தேன். முதலாளியும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். ஜன்னல் வழியாகச் சந்துக்குள் எட்டிப் பார்த்தார். சந்தில் யாரும் நடந்து போகவில்லை. கொஞ்ச நேரத்தில் பலகைத் தரைக்குக் கீழேயிருந்து 'சர், சர்' என்று துடைப்பச் சத்தம் கேட்டது. மூட்டை அடுக்கும் கட்டைகளை நகர்த்தும் சத்தம். பிறகு சல்லடை. சாக்கிலிருந்து ஒழுகித் தரையில் சிதறும் மிளகைக் கூட்டி, சலித்து, அரைவை மில்லுக்கு என்று தனியாக விற்பது எங்கள் வழக்கம்தான். மாதக் கடைசியில்தான் கூட்டுவோம். கடைசியாகத் தராசின் இரும்பு ஒரு தடவை கிணுங்கியது.

அக்கா ஏறி வந்தார். தலையெல்லாம் தூசி. யாரையும் பார்க்காமல் நாற்காலியில் உட்கார்ந்து, வெள்ளை மிளகுக் கட்டத்துக்குப் போய், ஒற்றை விரலால் எட்டு என்று அடித்தார். எட்டு கிலோ, வெள்ளை மிளகு அடுக்கும் கட்டைகளுக்கு அடியில் கூட்டியெடுத்தது. என்டர். இயந்திரம் கத்தவில்லை. நேற்றைய எண் போய்விட்டது. கடைசிக் கட்டம் வரை எண்கள் இறங்கி நின்றன. அத்தனையும் உண்மை.

முதலாளி குனிந்து அந்த எட்டைப் பார்த்தார். பிறகு அதே சீன வியாபாரியைக் கூப்பிட்டார். நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். "லாடா பூத்தே, மிங்கு டெப்பான்" என்றார். வெள்ளை மிளகு, அடுத்த வாரம். இல்லை என்ற சொல் அவர் வாயிலும் வரவில்லை. தொலைபேசியை வைத்துவிட்டு, எங்கள் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "திங்கக்கிழமை லாரி ஏழு மணிக்கே வந்துரும்க்கா. பாலத்துல நெரிசல்னு சொல்லாதீங்க."

அக்கா தோளில் கிடந்த துண்டை எடுத்து விசைகளைத் துடைக்கப் போனவர், நடுவில் கையை நிறுத்திக்கொண்டார். எந்த விசையும் அமுங்கிவிடாமல் மெல்லக் குனிந்து, எட்டு விசையின் மேல் உட்கார்ந்திருந்த மிளகுத் தூசியை வாயால் ஊதினார்.